தீபாவளி வெடிக்கு மிரளும் நாய்: இரட்டை மாத்திரை வேண்டாம், மொட்டைமாடியும் வேண்டாம்

மதுரைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த வீடு, முன்னால் இரும்புக் கேட், மேலே மொட்டைமாடி. வீட்டில் 8 வயது, 18 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்று, 3 வயது கடுவன் பூனை ஒன்று. ஆறு வயது வரை வெடிச் சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நாய், கடந்த இரண்டு தீபாவளிகளாக எச்சில் ஒழுக, உடல் நடுங்க, கட்டிலுக்கடியிலும் குளியலறையிலுமாக அலைகிறது. முந்தின ஆண்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நாக்கு தொங்கப் படுத்துக் கிடந்ததாம். கண்ணைப் பாதி வரை ஒரு வெள்ளைத் தோல் மூடியிருந்ததாம். போன ஆண்டு மாத்திரை தரவில்லை. பலகாரத் தட்டோடு வந்த உறவினர் கேட்டைத் திறந்த நொடியில் நாய் பாய்ந்து ஓடிவிட்டது. மூன்றாம் நாள் காலை ரிங் ரோடு பக்கம் கிடைத்தபோது முன்கால் நகங்கள் இரண்டு பிய்ந்திருந்தன.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த முறை மகன் குடும்பத்தோடு நான்கு வயதுப் பேரனும் வருகிறான். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அதே மாத்திரையை இரண்டாகக் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மொட்டைமாடியில் கட்டிப் போட்டால் பழகிவிடும் என்கிறார் கணவர். பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் ஊறிப்போகும் என்கிறார் மாமியார். இப்போதிருந்தே செல்போனில் வெடிச் சத்தத்தைப் போட்டுக் காட்டலாம் என்கிறார் மகன். தெரு இளைஞர்கள் நள்ளிரவு தாண்டியும் பத்தாயிரம் வாலா கொளுத்துவதையும், தெருநாயின் வாலில் வெடி கட்டியதையும் சொல்லி, போலீசில் புகார் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "இப்பல்லாம் மாடிப்படி ஏற யோசிக்குது, வயசாயிருச்சு."

அன்புள்ள அம்மா,

முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். மாத்திரையின் பெயர் நினைவில்லை என்கிறீர்கள். ஆனால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஏறிய வெள்ளைத் தோல் (அது நாயின் மூன்றாம் இமை), தொங்கிய நாக்கு, எழுந்து நிற்க முடியாத கால் ஆகியவற்றைப் பார்த்தால், அசிப்ரோமசின், குளோர்புரோமசின் போன்ற மருந்துகளில் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இந்த வகை மருந்து உடலை அடக்கும், பயத்தை அடக்காது. நாய்க்குக் காது கேட்டுக்கொண்டே இருக்கும். நெஞ்சு படபடக்கும். எழுந்து ஓட மட்டும் முடியாது. சில நாய்களுக்குச் சத்தத்தின் மீதான மிரட்சி இதனால் இன்னும் கூடிவிடும். அந்த ஆண்டுதான் நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதி உங்களுக்குக் கிடைத்தது, நாய்க்குக் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டே அது தெருவுக்கு ஓடியதைத் தற்செயலாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த வகை மருந்துகள் ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் இறக்கக்கூடியவை. எட்டு வயது நாய்க்கு இதயத்தில் சிறு கோளாறு இருந்து அது வெளியே தெரியாமல் இருந்தால், இரட்டிப்பு அளவு உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டு யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரை, சளி மாத்திரை எதையும் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும்.

பயத்தையே குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. டிரசோடோன், கபாபென்டின், ஆல்பிரசோலம் ஆகியவற்றை நாயின் எடை, இதயம், கல்லீரல், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். அளவை நான் இங்கே எழுதவில்லை. நேரில் பார்க்காத நாய்க்கு அளவு சொல்வது முறையல்ல, அதோடு ஆல்பிரசோலம் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. ஆனால் எந்த மருந்தானாலும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

மருந்து எழுதி வாங்கினால்

தீபாவளியன்று முதல்முறையாகக் கொடுக்காதீர்கள். பத்து நாள் முன்பாக, வெடியில்லாத ஒரு பகலில் ஒரு வேளை கொடுத்து, ஏழெட்டு மணி நேரம் கூடவே இருந்து பாருங்கள். லேசாகத் தள்ளாடினால் பரவாயில்லை. சில நாய்கள் அமைதியாவதற்குப் பதிலாக முரட்டுத்தனமாகத் திரியும்; தொடர்ந்து வாந்தி எடுக்கும். அப்படியானால் மருத்துவர் மருந்தை மாற்ற அவகாசம் இருக்கும்.

சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால், ஒத்திகையில் நன்றாக வேலை செய்த அதே அளவு பலிக்காது. பெரும்பாலானவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது இதனால்தான். நம் ஊரில் வெடி இரண்டு அலையாக வரும்: எண்ணெய்க் குளியல் முடிந்ததும் விடியற்காலை ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. தீபாவளிக்கு முந்தின இரவும் சேரும். எந்த வேளை எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் நேரம் போட்டே எழுதி வாங்குங்கள். விடியற்காலை வேளைக்கு அலாரம் வைக்க வேண்டியிருக்கும்.

நாய் வலிக்காக டிரமடால் சாப்பிட்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். டிரசோடோனோடு சேர்ந்தால் ஆபத்து. மனிதர்களுக்கான திரவ மருந்துகள் சிலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். ஆகவே மாத்திரையாகவோ கேப்சூலாகவோ கேளுங்கள்.

இப்போது அந்த ஓரத்து வரிக்கு வருகிறேன். வயதானால் மாடி ஏறத் தயங்குவது சகஜம்தானே என்று விட்டுவிட்டீர்கள். ஆறு வயது வரை வெடிக்குப் பயப்படாத ஒரு நாய் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால், கூடவே படியேறவும் யோசித்தால், முதலில் தேட வேண்டியது வலியை. வெடிக்கும்போது நாய் துள்ளி விறைக்கும். இடுப்பிலோ முதுகிலோ மூட்டு வலி இருந்தால் அந்த விறைப்பில் சுரீரென்று வலிக்கும். சத்தம் கேட்டால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட நாய்க்கு மூட்டு வலிக்கு மருத்துவம் செய்தாலே பயத்தில் ஒரு பகுதி இறங்குவதுண்டு. படுக்கையிலிருந்து எழும்போது பின்காலை ஊன்ற நேரமெடுக்கிறதா, சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கும்போது தடுமாறுகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றினால் நாய் விறைத்துக்கொண்டு நிற்கும், நொண்டல் தெரியாது. ஆகவே வீடியோ மிகவும் உதவும்.

மாமியாரின் கருத்தைப் பலரும் நம்புகிறார்கள், சில பயிற்சியாளர்களும் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். அது சரியல்ல. உட்கார், கை கொடு என்பதெல்லாம் நாய் நினைத்துச் செய்கிற செயல்கள், பாராட்டினால் கூடும். பயம் அப்படி நினைத்துச் செய்வதல்ல. நீங்கள் தடவிக் கொடுப்பதால் நாய் நாளைக்கு இன்னும் அதிகமாகப் பயப்படத் தீர்மானிக்காது. அது உங்கள் மடியில் வந்து ஒண்டினால் ஒண்டட்டும். நெஞ்சுப் பக்கம் கையை வைத்து நீளமாக, மெதுவாகத் தடவுங்கள். விலகிப் போய்க் கட்டிலுக்கடியில் நுழைந்தால் இழுத்து மடியில் போடாதீர்கள். மாமியார் சொல்வதில் ஒன்று உண்மை: வீட்டார் பதறிக் கூச்சலிட்டால் நாயும் கூடுதலாகப் பதறும். அணைப்பு வேண்டும், பதற்றம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியோ பனீரோ கொடுப்பது நல்ல பலன் தரும். வெடி முதலில், தின்பண்டம் பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. சுண்டைக்காய் அளவுத் துண்டு போதும். நாய் வாங்கித் தின்கிற வரை தொடருங்கள். தின்ன மறுத்தால் பயம் அளவு கடந்துவிட்டது என்று பொருள். அப்போது தீனியைத் திணிக்காமல் அறையின் அமைதியைக் கூட்டப் பாருங்கள்.

கணவர் சொல்லும் மொட்டைமாடியை என்னால் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் கட்டிவைத்து, பயப்படும் பொருளை முழு வீச்சில் காட்டினால் நாய் பழகாது. ஒரு கட்டத்தில் துவண்டு படுத்துவிடும். அதைப் பழகிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம். ராக்கெட் வந்து விழுகிற இடமும் மொட்டைமாடிதான். சங்கிலியோடு கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து, கழுத்து இறுகித் தொங்கி நாய்கள் இறக்கின்றன. வராந்தாவிலும், கார் ஷெட்டிலும், ஜன்னல் கம்பியிலும்கூட அன்று கட்டிப் போட வேண்டாம்.

மகனின் யோசனை அடிப்படையில் சரியானது, நேரம்தான் தவறு. பதிவு செய்த சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றிப் பழக்குவது நல்ல முறை, ஆனால் அதற்குச் சில மாதங்கள் வேண்டும். மூன்று வாரத்தில் அவசர அவசரமாகச் சத்தத்தைக் கூட்டினால் இருக்கும் பயத்துக்கு உரம் போட்டது போலாகும். இந்தத் தீபாவளிக்கு அதை விட்டுவிடுங்கள்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம்

நாய் போன ஆண்டு தானாகவே எங்கே போய் ஒண்டியது என்று எழுதியிருக்கிறீர்கள்: குளியலறை. நல்ல தேர்வு. தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத, சுவர்கள் சூழ்ந்த இடத்தைத்தான் பெரும்பாலான நாய்கள் தேடும். அதையோ, அதை ஒட்டிய உள்ளறையையோ இன்றே தயார் செய்யத் தொடங்குங்கள். ஜன்னலைச் சாத்தி, கெட்டியான போர்வையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். வெண்டிலேட்டரை அட்டை வைத்து மூடுங்கள், ஒளியும் புகையும் குறையும். கதவடி இடைவெளியில் ஈரத் துண்டைச் சுருட்டி வையுங்கள். உங்கள் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் கீழே விரியுங்கள். உங்கள் வாசனை அங்கே இருக்கட்டும். ஒரு மேசைமேல் போர்வையைப் போட்டு மூன்று பக்கம் மூடினால் குகை போல ஒன்று கிடைக்கும். பினாயில், ஆசிட், டெட்டால், பிளேடு எல்லாம் அங்கிருந்து வெளியேற வேண்டும். தரை வழுக்கினால் சாக்கு விரிக்கவும். வலி உள்ள இடுப்புக்கு அது அவசியம்.

மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியையோ பாட்டையோ நாய்க்கு வழக்கமான சத்தத்தில் போடுங்கள். வெடியைவிடச் சத்தமாகப் போட்டு மறைக்கப் பார்த்தால் அதுவே இன்னொரு தொல்லை. காதில் பஞ்சை ஆழமாகத் திணிக்காதீர்கள். மெல்லிய காட்டன் துண்டை மார்பைச் சுற்றிச் சற்று இறுக்கமாகக் கட்டினால் சில நாய்கள் அடங்கும். இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ அறை புழுக்கமாக இருந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். (பக், ஷிட்ஸு போல மூக்கு சப்பையான நாய் வைத்திருப்பவர்கள் துண்டு கட்டுவதையே தவிர்ப்பது நல்லது. மூடிய அறையில் அவற்றுக்கு உடல் சூடு ஏறிவிடும்.)

அறை தயாரானதும் தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கதவைத் திறந்தே வைத்து அங்கே போடுங்கள். பதினைந்து நாளில் அந்த இடம் நல்ல இடம் என்று நாய்க்குப் பதிந்துவிடும். தீபாவளியன்று முதல்முறையாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது சிறையாகத்தான் தெரியும். கதவைச் சுரண்டி மறுபடி நகம் பிய்யும். அன்று யாராவது ஒருவர் கூடவே இருங்கள். வீட்டில் பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள், மணிக்கொருவர் மாறலாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் நீண்ட நடை கூட்டிப் போங்கள். நன்றாக நடந்து, மலம் கழித்து, களைத்துத் திரும்பட்டும். அன்று மாலையிலிருந்து தெருவுக்கு அழைத்துப் போக வேண்டாம். முற்றத்துக்கு மட்டும், அதுவும் கயிற்றோடு. சத்தம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தயிர்சாதம், கோழி போல வயிற்றுக்கு லேசானதைக் கொடுத்து முடியுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எச்சில் ஒழுகி மூச்சிரைக்கிற நாய்க்குத் தண்ணீர் நிறைய வேண்டும்.

கேட்

போன ஆண்டு நடந்தது இந்த ஆண்டும் நடக்க ஒரு நொடி போதும். பலகாரம் கொடுக்க வருகிறவர்கள் கேட்டைத் திறந்துபோட்டு உள்ளே வருவது நம் வழக்கம். அதனால் ஒரே விதி: நாய்க்கும் தெருவுக்கும் நடுவே எப்போதும் இரண்டு சாத்திய கதவுகள் இருக்க வேண்டும். கேட்டுக்குப் பூட்டு; அறைக் கதவுக்கு வெளியே, பேரனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி. "நாய் உள்ளது, திறக்கும் முன் போன் செய்யவும்" என்று எழுதித் தொங்கவிட்டு, உறவினர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் காலர் தலை வழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றிய ஹார்னஸ் ஒன்று வாங்கி, காலர், ஹார்னஸ் இரண்டிலும் கயிறு மாட்டிப் பிடியுங்கள். வீட்டுக்குள்ளும் காலர் இருக்கட்டும், அதில் உங்கள் செல் எண் பொறித்த தகடு. கூடவே இந்த வாரமே மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவுள்ள சில்லு அது, கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போலச் செலுத்துவார்கள். 15 இலக்க எண் உண்டு. அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. யாராவது பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால் யாருடைய நாய் என்று சொல்லும், அவ்வளவுதான். எண்ணை உங்கள் பெயரில் பதிவு செய்யாவிட்டால் அதுவும் சொல்லாது. பதிவு செய்தாயிற்றா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அப்படியும் ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு பத்துப் பேர் துரத்தாதீர்கள். மிரண்ட நாய் வளர்த்தவரைக் கண்டும் ஓடும். கேட்டைத் திறந்து வைத்து, அதன் விரிப்பையும் உங்கள் புடவையையும் வாசலில் போடுங்கள். வெடி அடங்கிய பின்னிரவில், வீட்டில் அதற்கு மிகவும் பிடித்த ஒருவர் மட்டும் சாக்கடைப் பாலம், கட்டி முடியாத வீடு, நிறுத்திய லாரி அடி என்று தேடட்டும். கண்டதும் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து தின்பண்டத்தை வீசுங்கள், தானாக வரும். போன ஆண்டு மூன்று நாள் தெருவில் இருந்தது அல்லவா? வேறு நாய் கடித்ததா என்பது நமக்குத் தெரியாது. ரேபிஸ் ஊசி அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு வெளியே, தோட்டத்து நடுவே இருக்கும் இடமானால் யோசிக்கலாம். அப்போதும் இரவு ஆள் தங்குகிறாரா, கூண்டின் தாழ்ப்பாள் எப்படி, மருந்து கொடுப்பார்களா என்று நேரில் பார்த்து, முன்கூட்டியே ஓரிரவு விட்டுப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் போர்டிங் என்றால் வெடியும் இருக்கும், நீங்களும் இருக்க மாட்டீர்கள், இரண்டு கஷ்டம். வயல் நடுவே உறவினர் வீடு இருந்து, காரில் முந்தின நாள் காலையே போக முடிந்தால் மூன்றிலும் அதுதான் சிறந்தது. ஆனால் புது இடத்தில் நாய் தப்பினால் வழி தெரியாது, கயிறு கையை விட்டுப் போகக் கூடாது.

பூனை

பூனையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அது பீரோ மேல ஏறிக்கும், பிரச்சினை இல்லை." ஏறட்டும், இறக்காதீர்கள். நாயின் அறையில் சேர்த்து அடைக்காதீர்கள். ஜன்னலில் வலை இல்லாவிட்டால் முந்தின நாள் மாலையே எல்லாம் சாத்தியாக வேண்டும். வெளியே மலம் கழிக்கும் பூனையானால் மணல் தட்டு ஒன்றை இப்போதே வைத்துப் பழக்குங்கள். ஏனென்றால் கடுவன் பூனைகள் பயத்தில் சிறுநீரை அடக்கும். மன உளைச்சலில் சிறுநீர்ப்பை வீங்கி, குறுகலான குழாய் அடைத்துக்கொள்ளும். தீபாவளி முடிந்து இரண்டு மூன்று நாளில் இது வரும். அடிக்கடி குந்தி முக்குவது, கத்துவது, சொட்டுக்கூட வராமல் அந்த இடத்தையே நக்குவது இவற்றைக் கண்டால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். முழு அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறிக்கும். அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போங்கள்.

பலகாரமும் லேகியமும்

ஆண்டுதோறும் நாய்க்கும் ஒரு ஸ்பூன் லேகியம் கொடுப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பால் செய்வது. சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம், நெய் விஷமல்ல, ஆனால் நாயின் வயிற்றுக்கு அதில் எந்த நன்மையும் இல்லை, எரிச்சல்தான் மிச்சம். நெய்யில் ஊறிய மைசூர்பாகும், எண்ணெய்ப் பலகாரமும், கறிக் கொழுப்பும் ஒரே நாளில் சேர்ந்தால் கணையம் வீங்கும். இரண்டு நாள் கழித்து வாந்தியும், முன்னுடலைத் தாழ்த்திப் பின்னுடலை உயர்த்தி நிற்கும் வலியும் வரும்.

உண்மையான விஷம் வேறு பொருட்களில் இருக்கிறது. லட்டு, கேசரி, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு வரை தாங்கும் என்று கணக்கே இல்லாததால் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். பரிசுப் பெட்டி சாக்லேட்டில் உங்கள் 18 கிலோ நாய்க்குச் சுமார் 70 கிராம் டார்க் சாக்லேட்டோ, 150 கிராம் பால் சாக்லேட்டோ போதும், வாந்தி, படபடப்பு தொடங்கிவிடும். அதற்கு மேல் போனால் இதயமும் வலிப்பும். வெங்காயம் சேர்த்த பக்கோடாவும் வடையும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு மிகக் குறைந்த அளவே போதும். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சைலிட்டால் இருக்கலாம். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உறையோடு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பொன்னானது.

பேரனின் வெடிகள்

நாலு வயதுக் குழந்தையை மத்தாப்பு கொளுத்தாதே என்று சொல்ல நான் வரவில்லை. நாய் உள்ளறையில் பூட்டிய பிறகு, வீட்டின் எதிர்ப் பக்கத்தில், பெரியவர் ஒருவர் கூட நிற்கக் கொளுத்தலாம். எரிந்த கம்பி மத்தாப்பை வாளித் தண்ணீரில் போடுவது நல்ல பழக்கம். ஆனால் அந்த வாளியை அப்படியே திண்ணையில் விட்டுவிடுகிறோம், தாகமெடுத்த நாயோ பூனையோ தெருநாயோ அந்த ரசாயனத் தண்ணீரைக் குடிக்கிறது. மூடி போட்டு வையுங்கள், அல்லது தண்ணீருக்குப் பதில் ஈர மணலில் குத்துங்கள். பாம்பு மாத்திரை, வெடிக்காத வெடி, புஸ்வாணத்தின் மிச்சம் எல்லாவற்றையும் அன்றே கூட்டி அள்ளுங்கள்.

கால் பாதமோ மூக்கோ சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கண்ணில் பொறி பட்டால் சுத்தமான தண்ணீரால் அலசி, தேய்க்க விடாமல் உடனே அழைத்துப் போங்கள்.

பேரன் நாயின் அறைக்குள் தனியாகப் போகவே கூடாது. அவனை நாய் எவ்வளவு நேசித்தாலும் சரி, மிரண்டு மூலையில் கிடக்கும் நாய் கட்டிப்பிடிக்க வரும் குழந்தையின் முகத்தைக் கடிக்கும். உறுமினால் திட்டாமல் விலகுங்கள், அது எச்சரிக்கை. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெருவும் சட்டமும்

நான் கால்நடை மருத்துவர், வழக்கறிஞர் அல்ல. ஆனால் இந்த அளவு எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் சரவெடிக்கும், பேரியம் உப்பு சேர்த்த வெடிக்கும் தடை விதித்தது. பத்தாயிரம் வாலா அந்தத் தடைக்குள்தான் வருகிறது. தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பை ஒட்டி, தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் அறிவித்து வருகிறது. இந்த ஆண்டு அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்கு 1999 முதலே தடை உண்டு. ஆகவே நள்ளிரவு வெடிக்கு 112 அல்லது 100-ல் புகார் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வாலில் வெடி கட்டியது வேறு வகைக் குற்றம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், அதனால்தான் பலரும் அஞ்சுவதில்லை. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு வரும். ஐந்தாண்டு வரை சிறை. புகாரில் இரண்டு பிரிவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். வீடியோ, காயத்தின் படம், மருத்துவரின் சான்று மூன்றும் இருந்தால் புகார் நிற்கும்.

ஆனால் அன்றிரவு போலீஸ் வருவதற்குள் உங்கள் நாயின் பயம் உச்சிக்குப் போயிருக்கும். ஆகையால் ஒரு வாரம் முன்பே, உங்கள் மகன் அந்த இளைஞர்களிடம் நேரில் பேசட்டும். வெடிக்காதே என்று தொடங்கினால் வாக்குவாதமாகும். எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், தெருக்கோடிக் காலி மனையில் வையுங்கள் என்று கேட்கலாம். நேரம் தெரிந்தாலே மருந்து வேளையை உங்களால் ஒழுங்காக அமைக்க முடியும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகத் தலைமுறைகளாகத் தீபாவளி வெடியையே விட்டிருக்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு அதையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

தீபாவளி முடிந்த பிறகும் மூன்று நாளுக்குக் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். மிச்ச வெடிகள் அங்கங்கே கேட்கும், தெருக் குப்பையில் மருந்துத் தூள் கிடக்கும். கார்த்திகைத் தீபம் தாண்டியதும் மகன் சொன்ன ஒலிப் பயிற்சியைத் தொடங்கலாம். செல்போன் ஒலிபெருக்கியில் வெடியின் கனத்த அடிச் சத்தம் வராது, பெரிய ஸ்பீக்கர் வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். நாய் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தின்றுகொண்டே இருக்கும் அளவுக்குக் குறைந்த ஒலி. வாரத்துக்குக் கொஞ்சம் ஏற்றம். மருந்தை நீண்ட நாள் தர வேண்டி வந்தால் அதற்குரியவை பலனளிக்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கல்யாணம், தேர்தல், சாவு ஊர்வலம் என்று நம் ஊரில் வெடிக்கு ஆண்டு முழுக்கக் காரணம் உண்டு என்பதால் அந்த உழைப்பு வீணாகாது.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தீபாவளி நெருங்கினால் கூட்டம் சேர்ந்துவிடும். மாடிப்படி வீடியோ, ஊசி அட்டை, பழைய மாத்திரையின் அட்டை கிடைத்தால் அது, மூன்றையும் எடுத்துப் போங்கள். தீபாவளி இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அதன் தொலைபேசி எண் என்ன என்று அன்றே கேட்டு எழுதி, நாயின் அறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.